காட்டில் பிடிபட்ட பந்து மலைப்பாம்பு இரை எடுக்க மறுத்தால் என்ன செய்வது?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். டொராண்டோவில் வசிக்கும் நீங்கள், இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஓர் இறக்குமதியாளரிடமிருந்து, டோகோ நாட்டில் காட்டில் பிடிக்கப்பட்ட, வளர்ந்த பெண் பந்து மலைப்பாம்பு ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். கடைகளில் பால் பைத்தான் என்று விற்கப்படும் இனம் இதுதான். வந்த அன்று அதன் எடை 1,400 கிராம். இப்போது 1,310 கிராம். இரண்டரை மாதமாக வாரம் தவறாமல், உறையவைத்து உருக்கிய வெள்ளை எலியை இடுக்கியில் பிடித்துக் காட்டி வருகிறீர்கள். அது தலையை உள்ளே இழுத்துக்கொண்டு சுருண்டுவிடுகிறது. ஒருமுறை உயிருள்ள சுண்டெலியை விட்டுப் பார்த்ததிலும் பயனில்லை. இனி வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். 1,400 கிராமில் 90 கிராம் என்பது ஏறத்தாழ ஆறரை சதவீதம். வளர்ந்த பந்து மலைப்பாம்புக்கு இது கவனிக்க வேண்டிய இழப்பு. ஆனால் ஆபத்தான இழப்பு அல்ல. இந்த இனம் மாதக்கணக்கில் இரை எடுக்காமல் கிடக்கக் கூடியது; ஓராண்டுக்கு மேல் உண்ணாமல் இருந்து பிறகு தானாகவே இரை எடுத்த பாம்புகளும் உண்டு. எடையோடு சேர்த்து உடலையும் பாருங்கள். முதுகெலும்பு கூரைமுகடுபோல் எழும்பி நிற்கிறதா, விலாப்புறத் தோல் நீளவாக்கில் மடிந்து தொங்குகிறதா, கண்கள் உள்வாங்கியிருக்கின்றனவா என்று கவனியுங்கள். இவை எதுவும் இல்லாமல், கையில் எடுக்கும்போது உடல் திரண்டு, தசை இறுக்கமாக உணரப்பட்டால் உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. எடை இழப்பு 10 சதவீதத்தைத் தாண்டினாலோ, மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று தென்பட்டாலோ, ஊர்வன மருத்துவத்தில் பழக்கமுள்ள கால்நடை மருத்துவரிடம் அன்றே நேரம் கேளுங்கள்.

இந்தப் பாம்பை "அடம் பிடிக்கிறது" என்று நினைப்பதிலிருந்துதான் பெரும்பாலான தவறான முயற்சிகள் தொடங்குகின்றன. உண்மையில் இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. உண்ணக்கூடிய நிலையில் இந்த விலங்கு இருக்கிறதா என்பது ஒன்று. நீங்கள் நீட்டுவதை அது உணவு என்று அறிகிறதா என்பது மற்றொன்று. எல்லோரும் இரண்டாவதிலிருந்து தொடங்கி, வாரத்துக்கு ஒரு புதிய இரையை மாற்றி மாற்றிக் காட்டுகிறார்கள். முதல் கேள்விக்கு விடை கிடைக்காதவரை எந்த இரையும் வேலை செய்யாது. அதோடு, நீட்டப்படும் ஒவ்வோர் எலியும் அந்தப் பாம்புக்கு இன்னுமொரு தொந்தரவாகவே முடியும்.

அது எங்கிருந்து வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். டோகோ, பெனின், கானா ஆகிய நாடுகளின் புல்வெளிகளிலும் விளைநிலங்களின் ஓரங்களிலும் கொறிணிகளின் வளைகளிலும் கைவிடப்பட்ட கறையான் புற்றுகளிலும் இவை பகல் முழுவதும் பதுங்கிக் கிடக்கும். இரவில்தான் வெளியே வரும். வணிகத்துக்காக இவற்றைத் தேடுபவர்கள் அந்த வளைகளைத் தோண்டித்தான் எடுக்கிறார்கள். அதன்பின் சாக்கு, ஏற்றுமதியாளரின் கொட்டடி, மரப்பெட்டி, விமானம், இறக்குமதியாளரின் கிடங்கு, உங்கள் வீடு என்று, உடலில் வெப்பமும் நீரும் ஒழுங்காகக் கிடைக்காத பல வாரப் பயணம். வழியில் நூற்றுக்கணக்கான பாம்புகளோடு நெருக்கியடித்துக் கிடந்திருக்கும். பந்துபோல் சுருண்டு நடுவில் தலையை ஒளித்துக்கொள்வது இந்த இனம் அஞ்சும்போது காட்டும் தற்காப்பு. பெயரே அதனால் வந்ததுதான். எலியைக் கண்டதும் உங்கள் பாம்பு செய்வது அதையேதான் என்றால், அது அந்த எலியை உணவாகப் பார்க்கவில்லை, அச்சுறுத்தலாகப் பார்க்கிறது என்று பொருள்.

ஆகவே முதல் வேலை, குறைந்தது இரண்டு வாரத்துக்கு எந்த இரையும் காட்டாமல் இருப்பது. இந்த இரண்டு வாரத்தில் உடல்நலத்தையும் இருப்பிடத்தையும் சரிசெய்யுங்கள்.

உடல்நலம் என்று வரும்போது, காட்டில் பிடிபட்ட பாம்பு ஒட்டுண்ணிகளோடுதான் வருகிறது என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. செதில்களுக்கு அடியிலும் கண்ணைச் சுற்றியும் மலத்துளையின் ஓரத்திலும் உண்ணிகள் இருக்கின்றனவா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்க மலைப்பாம்புகளில் உண்ணி மிகச் சாதாரணம். தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகைப் பொடித்துத் தூவியதைப் போன்ற கரும்புள்ளிகள் மிதந்தால் அவை செள் பூச்சிகள். பாம்பு நாளெல்லாம் தண்ணீருக்குள் கிடந்தாலும் அதே சந்தேகம் கொள்ளுங்கள். உள் ஒட்டுண்ணிகளைக் கண்ணால் காண முடியாது. புதிதாகப் போட்ட மலத்தை மருத்துவரிடம் கொடுத்து உருளைப்புழு, ஒற்றைச்செல் உயிரிகள், கிரிப்டோஸ்போரிடியம் ஆகியவற்றுக்குப் பரிசோதனை கேளுங்கள். உண்ணாத பாம்பு மலம் போடாதே என்றால், மருத்துவர் மலக்குடலைக் கழுவி மாதிரி எடுப்பார். பென்பெண்டசோல், மெட்ரோனிடசோல் போன்ற மருந்துகளின் பெயர்கள் இணையத்தில் அளவோடு கிடைக்கின்றன. நீரிழந்து மெலிந்த பாம்புக்கு அவற்றை நீங்களாகக் கொடுப்பது பட்டினியைவிடப் பெரிய ஆபத்து. மூச்சு விடும்போது சீழ்க்கைபோல் ஒலி, வாயோரத்தில் குமிழி, தலையை அண்ணாந்தே வைத்திருத்தல் ஆகியவை நுரையீரல் தொற்றின் அறிகுறிகள். இவை இருந்தால் இந்தப் பதிலை இத்துடன் நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நீரிழப்பு பசியையே அடக்கிவிடும். பயணப்பட்டு வந்த பாம்புக்கு, 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பில், உடலின் பாதி உயரம் மட்டுமே மூழ்கும் அளவு தண்ணீரில், காற்றுத்துளை உள்ள மூடிய டப்பாவில் இருபது முப்பது நிமிடம் கிடக்க விடுவது உதவும். வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் இதைச் செய்யாதீர்கள். நீங்கள் இருக்கும் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. டொராண்டோவின் குளிர்காலத்தில் வீட்டு வெப்பமூட்டி ஓடும்போது அறையின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழே இறங்குவது வழக்கம். இந்தப் பாம்புக்கோ 55 முதல் 70 சதவீதம் வேண்டும். மேலே கம்பிவலை மூடி உள்ள கண்ணாடித் தொட்டி என்றால், ஊற்றும் ஈரமெல்லாம் அந்த வலை வழியாகப் போய்விடும். வலையின் பெரும்பகுதியை மூடி, காற்றுக்குச் சிறிது இடைவெளி விட்டு, தரையில் தேங்காய் நார்த்தூளைக் கனமாகப் பரப்பி, அதன் அடிப்பகுதி மட்டும் ஈரமாக இருக்குமாறு ஓரங்களில் தண்ணீர் ஊற்றுங்கள்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, ஒரு முனை 31 அல்லது 32 டிகிரி, மறுமுனை 25 முதல் 27 டிகிரி என்பதே தேவை. இதைத் தொட்டியின் சுவரில் ஒட்டிய வட்ட வெப்பமானியை வைத்து முடிவுசெய்யாதீர்கள். பாம்பு படுக்கும் தரையில் உணர்முனையை வைத்து அளந்து, தெர்மோஸ்டாட் மூலம் கட்டுப்படுத்துங்கள். சூடு போதாத பாம்பு உண்டாலும் செரிக்க முடியாமல் கக்கிவிடும், கக்கிய பாம்பு மறுபடி இரை எடுக்கப் பல வாரம் ஆகும்.

இதைவிட முக்கியமானது பதுங்கிடம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், காட்டுப் பாம்புகளின் மறுப்பில் பெரும்பகுதி இந்த ஒன்றைச் சரிசெய்தவுடன் தீர்ந்துவிடுவதுதான். கடைகளில் விற்கும் அகலமான அரைமரக்கட்டை போன்ற மறைவிடங்கள் மனிதக் கண்ணுக்கு அழகு. அவற்றின் இருபுறமும் திறந்திருப்பதால் பாம்புக்குப் பாதுகாப்பு இல்லை. சுருண்ட பாம்பின் உடல் எல்லாப் பக்கமும் சுவரைத் தொட வேண்டும். நுழைவாயில் ஒன்றே ஒன்று, தலையும் உடலின் தடித்த பகுதியும் நுழையும் அளவுக்கு இருக்க வேண்டும். ஒரு மண் பூந்தொட்டியைக் கவிழ்த்து வைத்து, அதன் விளிம்பில் ஒரு துண்டை உடைத்து, கூர்முனைகளை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கி வாயில் அமைத்தால் அதைவிட நல்ல வளை கிடைக்காது. மண் ஈரத்தையும் பிடித்துவைக்கும். சூடான முனையில் ஒன்றும் குளிர்ந்த முனையில் ஒன்றுமாக ஒரே மாதிரி இரண்டு வையுங்கள். இல்லையென்றால் அது வெப்பத்துக்கும் பாதுகாப்புக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் பாதுகாப்பைத்தான். தொட்டியின் மூன்று பக்கங்களை வெளியிலிருந்து கறுப்புக் காகிதத்தால் மறையுங்கள். தொலைக்காட்சி, ஒலிபெருக்கி, நடமாட்டம் உள்ள அறையிலிருந்து மாற்றுங்கள். இந்த நாட்களில், மேலே சொன்ன பரிசோதனைக்கும் தண்ணீரில் விடுவதற்கும் தவிர, அதைக் கையில் எடுக்கவே வேண்டாம்; தண்ணீர் மாற்றும் வேலையையும் பகலில், அது உறங்கும்போது முடித்துவிடுங்கள்.

புதிய வளைக்குள் அது நிலைகொண்டதற்கு ஓர் அடையாளம் உண்டு. இரவு விளக்கணைத்துச் சில மணி நேரம் கழிந்து, மங்கலான ஒளியில் தள்ளி நின்று பாருங்கள். உடல் முழுவதும் உள்ளே இருக்க, தலை மட்டும் வாயிலின் விளிம்பில், கழுத்து எஸ் வடிவில் மடிந்து, நாக்கு மெதுவாக வெளியே வந்து போய்க்கொண்டிருந்தால், அது பதுங்கியிருந்து வேட்டையாடும் நிலை. அந்த நிலையை இரண்டு மூன்று இரவுகள் தொடர்ந்து கண்டபின் இரை பற்றி யோசியுங்கள்.

அதற்குமுன் பருவத்தையும் ஒருமுறை கணக்கில் எடுக்க வேண்டும். ஆண் பாம்புகள் இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில் இரையை மறுக்கும். பெண் கருவுற்றிருந்தால் முட்டையிடும்வரை பெரும்பாலும் உண்ணாது. முட்டையிட்டபின் ஏறத்தாழ இரண்டு மாதம் அவற்றைச் சுற்றிக்கொண்டே கிடக்கும். டோகோவிலிருந்து பெரிய பெண் பாம்புகள் கருவுற்ற நிலையில் பிடிக்கப்படுவது அந்த வணிகத்தின் வழக்கமான நடைமுறை. அங்குள்ள பண்ணைகளில் முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை ஏற்றுமதி செய்கிறார்கள். உங்கள் பாம்பின் பின்பாதி உடல் பருத்திருந்தாலோ, சூடான இடத்தில் வயிற்றைத் திருப்பிப் படுத்தாலோ மருத்துவரிடம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள். அது முட்டையிட்டுவிட்டால், முட்டைகளை அகற்றியபின் பாம்பை வெதுவெதுப்பான நீரில் கழுவி, தொட்டியின் தரைத்தூளையும் முழுவதும் மாற்றுங்கள். முட்டையின் வாசனை இருக்கும்வரை பல பெண் பாம்புகள் அடைகாக்கும் நிலையிலிருந்து மீளுவதில்லை. சட்டை உரிப்பதற்குமுன் கண் பால்நிறமாகும் நாட்களிலும் இரை காட்ட வேண்டாம்.

இனி இரை. பாம்பு இரையை அடையாளம் காண்பதில் பார்வைக்குப் பங்கு குறைவு. நாக்கு காற்றிலிருந்து எடுத்துவரும் வாசனைத் துகள்களை மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு ஆராய்கிறது. உதட்டோரக் குழிகள் இரையின் வெப்பத்தை உணர்கின்றன. காட்டில் வளர்ந்த பாம்பு, தான் தின்று பழகிய விலங்குகளின் வாசனையைத்தான் உணவு என்று அறியும். தென்கிழக்கு நைஜீரியாவில் காட்டுப் பந்து மலைப்பாம்புகளின் உணவை ஆராய்ந்தபோது, சிறிய பாம்புகளும் ஆண்களும் பெரும்பாலும் பறவைகளையும், ஒரு மீட்டருக்கு மேற்பட்ட பெரியவை, குறிப்பாகப் பெண்கள், பாலூட்டிகளையும் தின்றிருந்தது தெரியவந்தது. ஆகவே ஒரு சிறிய ஆண் பாம்பு எலியை மறுத்தால் ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சையோ காடைக்குஞ்சையோ காட்டிப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. உங்களுடையது பெரிய பெண். அது தின்று வளர்ந்தவை ஆப்பிரிக்கப் புல்வெளிகளின் கொறிணிகள். ஆய்வகத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கிய வெள்ளை எலியின் வாசனை அதற்கு முற்றிலும் அந்நியம்.

இந்த இடைவெளியை நிரப்ப வளர்ப்பவர்கள் நீண்டகாலமாகப் பயன்படுத்திவரும் இரை ஜெர்பில் என்னும் சிறு கொறிணி. இது மங்கோலியப் பக்கத்து விலங்குதான். இருந்தும் காட்டில் பிடிபட்ட பந்து மலைப்பாம்புகள் வேறெதற்கும் அசையாதபோது இதற்கு வாய் திறப்பதைப் பலர் கண்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்க மென்மயிர் எலி என்று விற்கப்படும் மாஸ்டோமிஸ் இனம் கிடைத்தால் அது இன்னும் பொருத்தம். அது இந்தப் பாம்பின் சொந்த நிலத்து உயிர். இரண்டில் ஒன்றை, இரை விலங்குகளை உறையவைத்து விற்பவர்களிடம் கேட்டு வாங்குங்கள். முதல் இரை சிறியதாக இருக்கட்டும். பாம்பின் தடித்த பகுதியில் பாதிக்கும் குறைந்த பருமன் போதும்.

உயிருள்ள எலியைத் தொட்டியில் விட்டுவிட்டுப் போவதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன். இரை எடுக்கும் மனநிலையில் இல்லாத பாம்பு தன்னைக் காத்துக்கொள்ளாது. எலி அதன் முதுகைக் கடித்துத் தின்று, எலும்பு தெரியும் அளவுக்குப் புண்ணாக்கிய பாம்புகள் மருத்துவர்களிடம் வருவது புதிதல்ல. பயத்தில் துடிக்கும் எலிக்கும் அது கொடுமை.

உறைந்த இரையை முதல்நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக்குங்கள். கொடுப்பதற்குச் சற்றுமுன், பிளாஸ்டிக் பையில் போட்டுச் சுடுநீரில் வைத்து, தோலின் வெப்பம் 38 முதல் 40 டிகிரி வரும்வரை சூடாக்குங்கள். தலைப்பகுதி உடலைவிடச் சற்றுச் சூடாக இருப்பது நல்லது. பாம்பு தலையை நோக்கித்தான் பாயும். மைக்ரோவேவ் அடுப்பு கூடாது; உள்ளே வெந்து, வயிறு வெடித்துவிடும். ஈரத்தைத் துடைத்துவிட்டு, இருட்டிய பின், நீண்ட இடுக்கியால் இடுப்பில் பிடித்து, பூந்தொட்டியின் வாயிலுக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் தரையோடு தரையாக மெதுவாக நகர்த்துங்கள். பாம்பின் முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஆட்டாதீர்கள். இரை எதுவும் தன்னைத் தின்ன வருவதை நோக்கி நடந்துவராது, ஓரமாகக் கடந்துபோகும். அந்தக் கோணத்தைப் பின்பற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் அசைவில்லை என்றால் இரையை வாயிலின் அருகே வைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறி, காலையில் பாருங்கள். கண்முன் தின்னாத பல பாம்புகள் தனிமையில் தின்றுவிடுகின்றன. காலையில் கிடந்தால் எடுத்து எறிந்துவிடுங்கள். மறுபடி உறையவைக்க வேண்டாம். இரையைத் தொட்ட ஒவ்வொரு முறையும், பாம்பைத் தொட்ட ஒவ்வொரு முறையும், சால்மோனெல்லா கிருமிக்காகச் சோப்பிட்டுக் கை கழுவுங்கள்.

மறுத்தால் பத்து நாள் இடைவெளி விட்டு மீண்டும் முயலுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரை, இடம், வெப்பம் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று உங்களுக்கே தெரியாது. அதற்குப் பிறகும் பயனில்லை என்றால் இரண்டு வழிகள் உண்டு. இரையின் மண்டையோட்டில் சிறு கீறலிட்டு மூளைத் திசு சற்று வெளிப்படுமாறு செய்வது ஒன்று. பார்க்க அருவருப்பாக இருக்கும், ஆனால் அந்த வாசனைக்குப் பாம்புகள் வலுவாக எதிர்வினை காட்டுகின்றன. மற்றொன்று, பாம்பையும் சூடாக்கிய இரையையும் காற்றுத்துளையுள்ள சிறிய இருண்ட டப்பாவில் வைத்து, அதைத் தொட்டியின் வெதுவெதுப்பான பகுதியிலேயே இரவு முழுவதும் விட்டுவைப்பது.

வாயைத் திறந்து ஊட்டுவது இவை எல்லாவற்றுக்கும் பிறகு, எடை ஆபத்தான நிலைக்கு இறங்கியபின், மருத்துவரின் கையால் நடக்க வேண்டியது. அவர் குழாய் வழியாக நீரும் மெலிந்த விலங்குகளுக்கான கூழ் உணவும் கொடுப்பார், அதுவும் சிறு அளவில் தொடங்கி. நீண்ட பட்டினிக்குப் பிறகு திடீரென்று பெரிய உணவு போனால் இரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவுகள் சரிந்து பாம்பு இறக்கவும் கூடும். முழு எலியை வலுக்கட்டாயமாகத் தள்ளினால் பல் உடையும், உணவுக்குழாய் கிழியும். உங்கள் கை தொட்டிக்குள் வரும்போதெல்லாம் அது அஞ்சக் கற்றுக்கொள்ளும்.

அது முதல் ஜெர்பிலை விழுங்கிய பிறகு ஒரு வாரம் அதை எட்டிக்கூடப் பார்க்காதீர்கள். கக்காமல் இருந்தால் அடுத்த இரையையும் அதே அளவில் கொடுங்கள். கக்கிவிட்டால் இரண்டு வாரம் எதுவும் கொடுக்காமல், வெப்பத்தைச் சரிபார்த்து, கக்கியதை மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டாம் முறையும் கக்கி, உடலின் நடுப்பகுதி வீங்கியிருந்தால் அது கிரிப்டோஸ்போரிடியமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஐந்தாறு முறை தொடர்ந்து ஜெர்பில் எடுத்தபின் எலிக்கு மாற்றத் தொடங்கலாம். ஜெர்பிலை விழுங்கிக்கொண்டிருக்கும்போது, அதன் பின்னங்கால்கள் மட்டும் வெளியே தெரியும் தறுவாயில், ஒரு சிறிய எலியின் மூக்கை அங்கே மெதுவாக ஒட்டவைத்தால், தாடைகளை மாறி மாறி நகர்த்தி விழுங்குவதை நிறுத்தாமல் பாம்பு அதையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பிறகு ஜெர்பில் கிடந்த மரத்தூளில் எலியைப் புரட்டிக் கொடுங்கள். பிறகு அந்த மரத்தூளையும் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு படிக்கும் இரண்டு மூன்று இரை செல்லட்டும்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பிடிபட்ட பாம்பு உண்ணவில்லை என்றால் அதற்கான தீர்வு வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான். கனடாவில் வாங்குபவர்களுக்கும், வளர்ப்பகத்தில் பிறந்து, உருக்கிய எலியைத் தின்று பழகிய பந்து மலைப்பாம்புகள் எளிதாகக் கிடைக்கும்போது காட்டிலிருந்து தோண்டி எடுத்ததை வாங்க எந்தக் காரணமும் இல்லை என்றே சொல்வேன். ஆனால் உங்களிடம் வந்துவிட்ட விலங்கைத் திருப்பி அனுப்ப வழியில்லை. அது முழுக்க எலிக்கு மாறிய பிறகும் குளிர்பெட்டியில் இரண்டு ஜெர்பில்களை எப்போதும் வைத்திருங்கள். அடுத்த குளிர்காலத்தில் அது மீண்டும் சில வாரங்கள் மறுக்கக்கூடும்; எடை நிலையாக இருக்கும்வரை எதுவும் செய்யாமல் காத்திருந்து, பருவம் மாறியதும் முதல் இரையாக ஒரு ஜெர்பிலைக் கொடுத்துத் தொடங்குங்கள்.